எரியும் எண்ணெய்க் கிணறுகளுக்கு அருகே: தீ, புகை, நச்சு வாயு பற்றிய முழுமையான போர்க்கால வழிகாட்டி

1991 தொடக்கத்தில் குவைத்திலிருந்து பின்வாங்கிய இராக் படைகள் 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்திவிட்டுப் போயின. கடைசிக் கிணறு மூடப்பட்டபோது அந்த ஆண்டு நவம்பர் 6 ஆகிவிட்டது. 2016-ல் வடக்கு இராக்கின் கய்யாரா நகரைச் சுற்றி இருந்த சுமார் இருபது கிணறுகளுக்கு ஐஎஸ் அமைப்பு தீ வைத்தது. அதை முழுதாக அணைக்க ஏறக்குறைய ஒன்பது மாதம் பிடித்தது. இந்த இரண்டு நிகழ்வுகளையும் அடிப்படையாக வைத்து எழுதப்பட்ட வழிகாட்டி இது. எண்ணெய் வயலிலேயே வேலை பார்ப்பவர்களுக்கும், பக்கத்து லேபர் கேம்ப்பிலோ ஊரிலோ மாட்டிக்கொண்டவர்களுக்கும் பயன்படும். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போய் வளைகுடாவில் டிரைவராக, சமையல்காரராக, ஃபிட்டராக இருக்கும் பலர் இந்த இரண்டாவது வகைதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வானத்தை மறைக்கும் கறுப்புப் புகையைப் பார்த்துத்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். ஆனால் சில நிமிடங்களில் ஆளைக் கொல்லக்கூடியது கண்ணுக்குத் தெரியாத வாயு. அது அதிகம் வருவது எரியும் கிணற்றிலிருந்து அல்ல, உடைந்தும் எரியாமல் பீறிடும் கிணற்றிலிருந்து.

கிணற்றிலிருந்து என்ன வருகிறது

தரைக்கு மேலே தெரியும் வால்வுகளின் அடுக்கை வயலில் 'கிறிஸ்துமஸ் ட்ரீ' என்பார்கள். குவைத்தில் அதன் அடியில் வெடிமருந்தைக் கட்டி, வெடிப்பின் விசை உள்நோக்கிப் பாய மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். வால்வு பறந்ததும் நிலத்தடி அழுத்தம் எண்ணெய், எரிவாயு, உப்புநீர் மூன்றையும் சேர்த்து மேலே தள்ளும். சில கிணறுகள் தீப்பிடிக்கும். சில தீப்பிடிக்காமல் பீறிட்டுச் சுற்றிலும் எண்ணெய்க் குளமாகத் தேங்கும்.

இதில் நமக்குப் பகையாவது நான்கு பொருள்கள்.

ஹைட்ரஜன் சல்பைடு: வயலில் 'எச்-டூ-எஸ்'. கந்தகம் மிகுந்த எண்ணெயோடு வரும். காற்றைவிடச் சுமார் 1.2 மடங்கு கனமானது என்பதால் பள்ளம், சாக்கடை, பேஸ்மென்ட், பதுங்குகுழி ஆகியவற்றில் தங்கும். காற்றில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் போனால் தீப்பற்றவும் செய்யும்.

சல்பர் டை ஆக்சைடு: எச்-டூ-எஸ்ஸும் எண்ணெயிலுள்ள கந்தகமும் எரியும்போது உண்டாவது. தீக்குச்சி உரசியதும் மூக்கில் ஏறும் அந்த நெடி. கண்ணையும் தொண்டையையும் அரிக்கும்; ஆஸ்துமாக்காரர்களை மற்றவர்களுக்கு முன்னால் தாக்கும். குவைத் கச்சா எண்ணெயில் கந்தகம் ஏறக்குறைய இரண்டரை சதவீதம். கய்யாரா எண்ணெயில் அதைவிட அதிகம்.

கரித்துகள்: நுரையீரலின் அடிவரை போகக்கூடிய நுண்துகள். அதோடு சேர்ந்து எரியாத எண்ணெய்த் துளிகளும் மழைபோல் இறங்கும்.

கார்பன் மோனாக்சைடு: திறந்தவெளியில் தீயின் அனல் இதை மேலே தூக்கிச் சென்றுவிடும். மின்சாரம் போனதும் வீட்டுக்குள் ஓட்டும் ஜெனரேட்டர்தான் இதற்கு முக்கியக் காரணம். ஜன்னலை டேப் ஒட்டி அடைத்த அறையில் அடுப்பு, கரி, ஜெனரேட்டர் எதுவும் கூடவே கூடாது. பக்கத்து அறையிலும் வேண்டாம்.

புகையின் நிறத்தைப் பார்த்துக் கணிப்பது

கறுப்பு என்றால் எண்ணெய் அரைகுறையாக எரிகிறது, கரி அதிகம். வெள்ளையாக அல்லது வெளிர்சாம்பலாக எழுந்தால் எண்ணெயோடு உப்புநீரும் சேர்ந்து வருகிறது. குவைத்தில் ஒரே வயலில் இரண்டும் அருகருகே எழுந்தன. புகை குறைவாக, பிரகாசமான மஞ்சள் சுடர் உறுமலோடு எரிந்தால் அதில் எரிவாயு அதிகம். அருகே போனால் அனலே தோலைப் பொசுக்கும்.

நேற்றுவரை எரிந்த கிணறு இன்று புகையில்லாமல் நிற்கிறது என்றால் 'அணைந்துவிட்டது' என்று நிம்மதி அடையாதீர்கள். யாராவது மூடினார்களா என்று உறுதியாகத் தெரியாதவரை, அது எரியாத வாயுவைக் கக்குகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2003 டிசம்பரில் சீனாவின் கைஷியான் பகுதியில், போரே இல்லாத நேரத்தில், எரிவாயுக் கிணறு ஒன்று கட்டுமீறியது. உடனே கொளுத்தாமல் விட்டதால் எச்-டூ-எஸ் பள்ளத்தாக்கு வழியாக ஊர்களுக்குள் இறங்கி 243 பேரைக் கொன்றது. பிறகு கிணற்றைக் கொளுத்தித்தான் வாயு பரவுவதை நிறுத்தினார்கள். கந்தகக் கிணற்றை வேண்டுமென்றே கொளுத்துவது இந்தத் தொழிலில் ஒரு பாதுகாப்பு முறை என்பது வெளியாட்களுக்கு வியப்பாக இருக்கும்.

குவைத்தில் பயந்த அளவுக்குத் தரைமட்டத்தில் நச்சு வாயு ஏறாததற்கும் இதுவே காரணம். பெரும்பாலான கிணறுகள் எரிந்துகொண்டிருந்தன. அனல் புகையைச் சில கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கியது. ஆனால் காற்று அசையாத குளிர்கால இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள வெப்பக் காற்று மூடிபோல அமர்ந்துகொள்ளும். அப்போது புகையும் வாயுவும் மேலெழாமல் ஊருக்குள்ளேயே கிடக்கும். விடியற்காலை முதல் வெயில் ஏறும்வரை மிக மோசமான நேரம். வெளிவேலைகளை மதியத்துக்குத் தள்ளுங்கள்.

எச்-டூ-எஸ்: மூக்கை நம்பாதீர்கள்

அழுகிய முட்டை நாற்றம் ஒரு பிபிஎம்முக்கு (காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கு) கீழேயே தெரிந்துவிடும். அதனால்தான் மூக்கே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அளவு 100 பிபிஎம்மை எட்டும்போது சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துவிடும். நாற்றம் 'போய்விட்டது' என்று தோன்றும். அந்த 100 பிபிஎம்தான் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வரையறுக்கப்பட்ட அளவு. 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் தலைசுற்றி விழுவார்கள். 700 முதல் 1000 வரை போனால் ஒன்றிரண்டு மூச்சிலேயே நினைவு தப்பும்.

ஆகவே நாற்றம் வந்தால் நகருங்கள். வந்த நாற்றம் திடீரென நின்றால் இன்னும் வேகமாக நகருங்கள்.

நான்கு வாயு டிடெக்டர் கிடைத்தால் அதைச் சட்டைக் காலருக்கு அருகே, மூக்கிலிருந்து ஒரு சாணுக்குள் மாட்டுங்கள். இடுப்பு பெல்ட்டில் மாட்டினால் பயன் குறைவு. எச்-டூ-எஸ் எச்சரிக்கை 10 பிபிஎம், கார்பன் மோனாக்சைடு 35 பிபிஎம், எரிவாயு தீப்பற்றும் கீழ்வரம்பில் 10 சதவீதம், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழ் என்பவை வழக்கமான அமைப்புகள். தினமும் சோதனை வாயு காட்டி 'பம்ப் டெஸ்ட்' செய்யாத டிடெக்டர் வெறும் அலங்காரம். எண்ணெய்த் தூறல் சென்சார் வடிகட்டியை அடைத்துவிடும். அப்போது கருவி பூஜ்யத்தையே காட்டிக்கொண்டிருக்கும். சாதாரண நான்கு வாயு டிடெக்டர் சல்பர் டை ஆக்சைடைக் காட்டாது. அதற்குத் தனி சென்சார் வேண்டும்.

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

சண்டை வயலை நெருங்கும்போதே இவை ஒரு பையில் இருக்கட்டும்:

- ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் குறைந்தது மூன்று நாள் குடிநீர், மூடிய கேன்களில். வெயில் காலத்தில் இன்னும் கூட்டுங்கள்.
- 0.1 முதல் 0.15 மி.மீ. தடிமனுள்ள பாலிதீன் ஷீட், அகலமான டக்ட் டேப் இரண்டு சுருள். ஷீட்டை ஜன்னல், ஏசி துளை அளவுக்கு இப்போதே வெட்டி, எந்த ஜன்னலுக்கு எது என்று எழுதி வையுங்கள்.
- காற்றுத் துளை இல்லாத நீச்சல் கண்ணாடி. பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் சல்பர் புகையில் கண் திறந்திருக்க இதுதான் உதவும். கான்டாக்ட் லென்ஸ் அணியாதீர்கள்.
- ஷேவிங் ரேசர். தாடி இருந்தால் எந்த இறுக்கமான மாஸ்க்கும் முகத்தோடு ஒட்டாது.
- பருத்தித் துணி மாற்றுடை இரண்டு. பாலியஸ்டர் அனலில் உருகித் தோலில் ஒட்டும்.
- சமையல் எண்ணெய் சிறு பாட்டில், பாத்திரம் கழுவும் சோப்பு, இன்ஹேலர், வழக்கமான மருந்துகள், பேட்டரி ரேடியோ.
- ஒரு முழ நீளத் துணி நாடா. கம்பத்தில் கட்டினால் காற்றின் திசை தெரியும்.

மாஸ்க் எது, எதற்கு

இங்கேதான் அதிகக் குழப்பம். என்-95, எஃப்எஃப்பி-2 வகை மாஸ்க் கரித்துகளைத் தடுக்கும். எந்த வாயுவையும் தடுக்காது. ஈரத்துணி கரியைக் கொஞ்சம் பிடிக்கும், சல்பர் டை ஆக்சைடைச் சற்றுக் கரைக்கும். எச்-டூ-எஸ்ஸுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் அது இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

கார்ட்ரிட்ஜ் (வாயுவை வடிகட்டும் டப்பா) மாட்டும் மாஸ்க் வாங்கினால் நிறப்பட்டையைப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் பழுப்பு எண்ணெய் ஆவிக்கு, சாம்பல் எச்-டூ-எஸ் போன்றவற்றுக்கு, மஞ்சள் சல்பர் டை ஆக்சைடுக்கு, பச்சை அம்மோனியாவுக்கு, வெள்ளை துகளுக்கு. நான்கு நிறமும் வெள்ளையும் சேர்ந்த கலவை கார்ட்ரிட்ஜ் நமக்குப் பொருத்தம். அமெரிக்க முறையில் அதே மஞ்சள், எண்ணெய் ஆவியும் அமில வாயுக்களும் சேர்ந்ததைக் குறிக்கும். வளைகுடாச் சந்தையில் இரண்டு முறைகளும் கலந்தே விற்பதால், நிறத்தோடு நிறுத்தாமல் எழுத்தையும் படியுங்கள். முழுமுக மாஸ்க்காக இருந்தால் கண்ணும் தப்பும். சீல் உடைத்த தேதியைக் கார்ட்ரிட்ஜ் மேலேயே எழுதுங்கள்.

கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வெளியேறத்தான். வாயுவுக்குள் போக அல்ல. அது ஆக்சிஜன் தராது, 100 பிபிஎம் எச்-டூ-எஸ்ஸில் தாங்கும் என்று நம்பவும் முடியாது. உள்ளே போவதற்கு முதுகில் சுமக்கும் காற்று சிலிண்டர் செட் வேண்டும். 6.8 லிட்டர், 300 பார் அழுத்தமுள்ள சிலிண்டர் பெயரளவில் 45 நிமிடம் வரும். வெயிலில் ஆளைத் தூக்கும் வேலையில் அரை மணி நேரம் தாங்கினாலே பெரிது. அழுத்தம் சுமார் 55 பாருக்கு இறங்கியதும் விசில் அடிக்கும். அதற்கு முன்பே திரும்பத் தொடங்குங்கள்.

குண்டா, வாயுவா: எங்கே ஒளிவது

சமாதான காலக் கையேடுகளில் இந்தச் சிக்கலே வராது. ஷெல் விழும்போது பேஸ்மென்டுக்குப் போ என்பார்கள். எச்-டூ-எஸ் வந்தால் மாடிக்குப் போ என்பார்கள். இரண்டும் ஒரே இரவில் வந்தால்?

நாங்கள் சொல்லும் வரிசை இது. உங்களுக்குக் காற்று வரும் திசையில் உள்ள கிணறுகள் எல்லாம் எரிந்துகொண்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். எரிகின்றன, குண்டு விழுகிறது என்றால் பேஸ்மென்டின் உள் அறையே நல்லது. எச்-டூ-எஸ்ஸின் பெரும்பகுதி தீயிலேயே எரிந்துபோகிறது; கரியையும் சல்பர் நெடியையும் டேப் ஒட்டிய கதவும் மாஸ்க்கும் சமாளிக்கும். ஆனால் காற்றெதிரே ஏதேனும் ஒரு கிணறு எரியாமல் பீறிடுகிறது அல்லது எரிந்தது திடீரென நின்றுவிட்டது என்றால் பேஸ்மென்ட் சாவுக்குழி. தரைத்தளத்தின் உட்புற அறைக்கோ முதல் மாடிக்கோ ஏறுங்கள். குண்டு ஓய்ந்த முதல் இடைவெளியில் அந்த இடத்தையே விட்டு வெளியேறுங்கள். டிடெக்டர் ஒன்றுதான் இருக்கிறது என்றால், தங்கியிருக்கும்போது அதை அறையின் மிகத் தாழ்ந்த இடத்தில், முழங்கால் உயரத்துக்குக் கீழே வையுங்கள்; வெளியேறும்போது காலரில் மாட்டிக்கொள்ளுங்கள்.

அறையை அடைக்கும் படிகள்:

1. ஏசியை நிறுத்துங்கள். வெளிக்காற்றை இழுக்கும் டக்ட், சமையலறை எக்ஸாஸ்ட், கழிப்பறை ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்தி ஷீட் ஒட்டுங்கள்.
2. தரைச் சாக்கடைத் துளைகளில் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்துபோன 'ட்ராப்' (நீர் தேங்கி நிற்கும் குழாய் வளைவு) வழியாகத்தான் சாக்கடை வாயு உள்ளே வரும்.
3. கதவின் அடி இடைவெளியில் ஈரத்துண்டு, பிறகு ஜன்னல், கடைசியாகக் கதவு விளிம்புகளில் டேப்.
4. ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் தரை இருந்தால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் மூச்சுக்குப் போதும். அதற்கு மேல் அடைத்து உட்காராதீர்கள்.
5. புகை கடந்ததும் உடனே எல்லாவற்றையும் திறந்து காற்றோட விடுங்கள். அடைத்த அறைக்குள்ளும் கொஞ்சம் வாயு நுழைந்திருக்கும். வெளியே சுத்தமான பிறகும் மூடிவைத்தால் அதைத்தான் சுவாசிப்பீர்கள்.

நடந்து வெளியேறுவது

காற்றோடு ஓடாதீர்கள், வாயுவும் உங்களோடு வரும். நேராகக் காற்றை எதிர்த்தும் ஓடாதீர்கள், கிணறு அங்கேதான் இருக்கிறது. காற்று ஒரு கன்னத்தில் படும்படி, அதாவது குறுக்காக நடந்து முதலில் புகைப் பட்டையிலிருந்து விலகுங்கள். பிறகு கிணற்றை நன்றாகத் தள்ளி வைத்து, காற்று முகத்தில் படும் திசையில் மேட்டுக்குப் போங்கள். வறண்ட ஓடை, சாலையோரப் பள்ளம், கல்வெர்ட் எல்லாவற்றையும் தவிர்க்கவும்.

குவைத்தில் வடமேற்கிலிருந்து அடிக்கும் ஷமால்தான் வழக்கமான காற்று. அது புகையை நாட்டின் தெற்கே சவூதி, பஹ்ரைன் பக்கம் தள்ளியது. காற்று ஓய்ந்தபோதும் தென்கிழக்கிலிருந்து திரும்பியபோதும் புகை நகரத்தின் மேல் வந்தது. புர்கான் வயலை ஒட்டிய அஹ்மதியில் நண்பகலிலும் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு போயின. காலையில் பார்த்த காற்று மாலையில் அப்படியே இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

வண்டியில் போவது

புகையால் சாலை மறைந்திருந்தால் போகாதீர்கள். 1991 ஏப்ரலில் பிரிட்டிஷ் பத்திரிகையாளர்கள் இருவர் குவைத்தில் இறந்தது, எண்ணெய் தேங்கிய சாலையில் வண்டி மாட்டித் தீப்பிடித்ததால்தான். எண்ணெய்க் குளத்தின் மேல் மணலும் கரியும் படிந்து தார்ச்சாலை போலவே தெரியும். அடியில் முழங்கால் ஆழமா இடுப்பாழமா என்று யாருக்கும் தெரியாது. வண்டியின் சூடான எக்ஸாஸ்ட் அந்த ஆவியைப் பற்றவைக்கப் போதும்.

டீசல் வண்டிக்கு இன்னொரு ஆபத்து உண்டு. எரிவாயு கலந்த காற்றை இழுத்தால் எஞ்சின் தானாகவே வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே உறுமல் ஏறினால் நீங்கள் வாயு மேகத்துக்குள் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். வயல் வண்டிகளில் காற்று வழியை அடைக்கும் ஷட்-ஆஃப் வால்வு வைப்பது இதற்காகத்தான். அந்த வால்வு இருந்தால் இழுத்துவிட்டு இறங்கிக் குறுக்காக நடங்கள். இல்லையென்றால் வண்டியை அப்படியே விட்டு விலகுங்கள்.

விழுந்தவரைத் தூக்குவது

எச்-டூ-எஸ் விபத்துகளில் விழுந்தவரைக் காப்பாற்ற ஓடியவர்களே பலமுறை அடுத்தடுத்து விழுந்திருக்கிறார்கள். சிலிண்டர் செட் இல்லாமல் போகாதீர்கள். கொடுமையாகத் தோன்றும், ஆனால் நீங்களும் விழுந்தால் தூக்க வேண்டியவர் இருவராகிவிடுவார்கள்.

வெளியே கொண்டுவந்ததும் மேலாடையைக் கழற்றுங்கள், வாயு துணியில் தங்கும். மூச்சு இல்லையென்றால் மார்பு அழுத்தம் தொடங்குங்கள். வாயோடு வாய் வைக்காமல், கையால் அழுத்திக் காற்றூட்டும் பேக்-மாஸ்க் பயன்படுத்துங்கள், ஆக்சிஜன் இருந்தால் முழு அளவில் கொடுங்கள். கண்ணை 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். எழுந்து உட்கார்ந்து 'நல்லாத்தான் இருக்கேன்' என்பவரையும் ஒரு நாள் கண்காணிப்பில் வையுங்கள். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் வரும்.

தீக்காயத்துக்கு 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர். பேஸ்ட், மஞ்சள், நெய் எதுவும் வேண்டாம். தோலில் ஒட்டிய எண்ணெயைச் சமையல் எண்ணெயால் துடைத்துப் பிறகு சோப்பு போடுங்கள். பெட்ரோல், தின்னர் கொண்டு துடைத்தால் தோல் வெந்துவிடும்.

தண்ணீர், உணவு

மாடித் தொட்டியை முதல் நாளே மூடுங்கள். எண்ணெய் கலந்த நீரைக் கொதிக்க வைப்பதால் எண்ணெய் போகாது. முதல் மழை கறுப்பாகத்தான் பெய்யும், தெற்கு ஈரானில் 1991-ல் அப்படித்தான் பெய்தது, அதைப் பிடிக்காதீர்கள். கரி படிந்த கீரையைக் கழுவிச் சமைப்பதைவிட எறிவது மேல். கய்யாராவில் வெள்ளாடுகளும் செம்மறிகளும் கறுப்பாகித் திரிந்த படங்கள் உலகெங்கும் வந்தன. வெளியே மேய்ந்தவை தின்றது கரி படிந்த புல்லைத்தான்.

கந்தகக் கிடங்கு எரிந்தால்

எண்ணெய் வயல்களை ஒட்டிக் கந்தக ஆலையும் மலைபோல் குவித்த கந்தகமும் இருக்கும். 2016 அக்டோபரில் கய்யாராவுக்கு அருகே மிஷ்ராக் ஆலை கொளுத்தப்பட்டபோது சுமார் ஆயிரம் பேர் மூச்சுத் திணறி மருத்துவ உதவி தேடினார்கள். கந்தகப் புகை கரும்புகைபோல உயரே போகாது. வெண்மையாகத் தரையோடு படரும். அதிலுள்ள சல்பர் டை ஆக்சைடு காற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம். வீட்டுக்குள் அடைந்து சமாளிக்கலாம் என்ற கணக்கு இங்கே பலிக்காது. கிளம்பிவிடுவதே சரி.

அணைக்கும் வேலை நடக்கும் இடத்தில்

முதலில் வருவது கண்ணிவெடி நிபுணர்கள். கிணற்றைச் சுற்றிக் கண்ணிகளும் வெடிக்காத கொத்துக்குண்டுகளும் கிடக்கும், எண்ணெய்க்குள் மறைந்தும் கிடக்கும். பிறகு தண்ணீர்: குவைத்தில் ஏற்றுமதிக் குழாய்களிலேயே கடல்நீரை எதிர்த்திசையில் அனுப்பி, கிணறுகளுக்கு அருகே தோண்டிய குளங்களில் நிரப்பினார்கள். நீர்த்திரைக்குப் பின்னால் தகரக் கவசம் போட்ட இயந்திரங்கள் வளைந்த இரும்பையும், எண்ணெய் கருகிக் குன்றாக இறுகிய கோக்கையும் கொக்கியால் இழுத்தன. இந்தக் கோக்கை அகற்றாமல் தீயை அணைத்தால் அதன் சூடே மறுபடி பற்றவைக்கும். அணைத்த கிணறு மீண்டும் எரிவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

தீயைத் தண்ணீரால், நைட்ரஜனால், அல்லது நீண்ட கையின் நுனியில் தொங்கும் வெடிமருந்து டிரம்மால் அணைப்பார்கள். வெடிப்பு ஒரு கணம் சுடருக்குக் கிடைக்கும் ஆக்சிஜனை விலக்கும். ஹங்கேரி அணியினர் டி-34 டாங்கின் மேல் இரண்டு மிக்-21 எஞ்சின்களை ஏற்றி, நீரை ஊதியே அணைத்தார்கள். அணைத்த அந்த நொடியிலிருந்து கிணறு மூடப்படும்வரை எரியாத வாயு கொட்டும். அருகே இருப்பவர்களுக்கு இதுவே மிக ஆபத்தான நேரம். மூடும் கருவி, கிணற்றை அடைக்கும் கனமான சேற்றுக் கரைசல், ஆட்கள் எல்லாம் தயாராகாமல் எந்தத் திறமையான குழுவும் தீயைத் தொடாது. உங்கள் கேம்ப் பக்கத்தில் 'இன்று அணைக்கப் போகிறார்கள்' என்று செய்தி வந்தால், அந்த நாளில் அங்கிருந்து விலகிவிடுங்கள்.

திரும்பிப் போகும்போது

வீட்டைத் திறந்ததும் உள்ளே இறங்காமல் அரை மணி நேரம் காற்றோட விடுங்கள். பேஸ்மென்ட், நீர்த்தொட்டி, கிணற்றுத் தொட்டிக்குள் டிடெக்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்காமல் தலையை நீட்டாதீர்கள். கரியை விளக்குமாற்றால் கூட்டினால் மறுபடி காற்றில் ஏறும், ஈரத்துணியால் துடையுங்கள். ஏசி ஃபில்டரை மாற்றிய பிறகே போடுங்கள்.

ஒரு நோட்டில் இருந்த இடம், தேதி, புகை வந்த நேரம், இருமல், மூச்சிரைப்பு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஊருக்கு வந்ததும் நுரையீரல் ஊதும் சோதனையோடு இதை மருத்துவரிடம் காட்டுங்கள். 1990 ஆகஸ்ட் 2 முதல் 1991 மார்ச் 2 வரை குவைத், இராக்கை விட்டு வெளியேற நேர்ந்தவர்களுக்கு ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் தனிநபர் தொகை வழங்கியது. இந்தியர்களும் இலங்கையரும் பெருமளவில் விண்ணப்பித்தார்கள். அங்கே இருந்ததற்குச் சான்று கேட்கப்பட்டது. விசா பக்கம், சிவில் ஐடி, வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகலை இப்போதே வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். அசலைத் தண்ணீர் புகாத கவரில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.